ஏரி கீது, தண்ணி கீது

ஆவடி,
ஞாயிற்றுக்கிழமை

ஸ்ரீநாத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், அங்கே நீயும் பவ்யாவும் நலமாக இருக்க வேண்டும் என்று சாமியிடம் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டேன், கோபம் வேறு, அது வேறு. 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கவில்லையே, அம்மா மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைக்காதே. பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான், வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் எனக்குக் கோபம் ஏறும்போதெல்லாம் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு நீ உன் வேலையைப் பார்ப்பாய். அதனால்தான் பவ்யாவின் தம்பி சரவணக்குமார் நாளை டொராண்டோவுக்குக் கிளம்புகிறான் என்றதும் பேனாவை எடுத்தேன். அவனிடம் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அது பவ்யாவுக்கு. உனக்கு இந்தக் கடிதம் மட்டும்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்வி, 'இன்னுமா அந்த ஸ்கூலுக்குப் போயிட்டு இருக்க?' ஆமாம், இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பூந்தமல்லியில் பஸ் மாறி, குத்தம்பாக்கம் தாண்டி இறங்கி, ஏரிக்கரை மேல் நடந்து போய், அந்த ஓட்டுக் கட்டடத்தில் தலைமை ஆசிரியை என்று பலகை போட்ட மேஜைக்குப் பின்னால் உட்காருகிறேன். நானும் ஞானசேகரன் சாரும் இரண்டே பேர், அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் எல்லாம் நாங்கள்தான். இந்த வருஷம் பிள்ளைகள் கீரைப் பாத்தி போட்டார்கள், சிறுகீரை நன்றாகத்தான் வந்தது, பள்ளிக்கு எதிர்வீட்டு நாகப்பனுடைய ஆடு ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டது. கேட்டால், 'ஆட்டுக்கு இன்னா தெரியும் டீச்சர், இஸ்கோல் கீரன்னு போர்டா வெச்சிருந்தீங்க' என்கிறார் அந்த மனுஷன், அவர்தான் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் வேறு! விளையாட்டு விழாவில் நாலாம் கிளாஸ் சிம்ரன் சாக்கு ஓட்டத்தில் சாக்கோடு விழுந்து, விழுந்தபடியே உருண்டு போய் முதலில் வந்தாள், அதைச் செல்லாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதெல்லாம் சிரிக்க வேண்டிய விஷயம். நீ சிரிப்பதற்கு எடுத்துக்கொண்டது இதை இல்லை.

ஆண்டு விழாவில் பேசின மர்வாவைத்தான் எடுத்துக்கொண்டாய். அஞ்சாம் கிளாஸ் படிக்கிறாள், அப்பா அமீருதீன், அவளுக்கு அத்தா, பூந்தமல்லியில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர், ஏரிக்கரைக்குக் கீழே வாடகை வீடு. 'எங்கள் ஏரி' என்று தலைப்புக் கொடுத்து, நானே எழுதி, நானே பாராமல் படிக்க வைத்தேன். 'அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்' என்று கணீரென்று ஆரம்பித்தவள், 'நீரின்றி' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அடுத்த சொல் வரவில்லை. மேடைக்குக் கீழே இருந்து நான் வாயை வாயை அசைக்கிறேன், அவளுக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா, கட்டியிருந்த கையை இறக்கினாள், ஒருமுறை ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவள் வீட்டில் எப்படிப் பேசுவாளோ அப்படியே பேச ஆரம்பித்துவிட்டாள். 'எங்க ஊட்டாண்ட ஏரி கீது. அதுல தண்ணி கீது, கொக்கு கீது, எரும கீது. போன மழைல ஏரி எங்க ஊட்டுக்குள்ளயே வந்துச்சு. எங்க அத்தா என்னத் தோள்ல தூக்கினு வடியற வரிக்கும் நின்னாரு. எனக்கு ஏரி மேல கோவமே வர்ல. அது பட்த்துகினு இருந்த எடத்துலதான நாம ஊடு கட்டிகினோம்.' அவ்வளவுதான் பேசினாள். விசில் அடிக்க வந்த பையன்கள்கூட விசில் அடிக்கவில்லை. அவளுடைய அம்மா அஷ்ரஃபுன்னிசா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். வட்டாரக் கல்வி அலுவலர் கிருஷ்ணப்பிரியா மேடம் அங்கேயே எழுந்து, வட்டாரப் பேச்சுப் போட்டிக்கு இந்தப் பெண்ணின் பெயரைக் கொடுங்கள், இதையே பேசட்டும், ஒரு எழுத்துக்கூட மாற்றாதீர்கள் என்றார். நான் எழுதினதைவிட அவள் பேசினது ஆயிரம் மடங்கு மேல் என்று எனக்கே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான், என் பிள்ளையும் பார்க்கட்டுமே என்று முழு வீடியோவையும் உனக்கு அனுப்பினேன்.

நீ என்ன செய்தாய்? அத்தா தோளில் தூக்கி நின்றதை வெட்டிப் போட்டாய், ஏரி மேல் கோபம் இல்லை என்றதை வெட்டிப் போட்டாய், 'ஏரி கீது, தண்ணி கீது, கொக்கு கீது, எரும கீது' என்பதை மட்டும் எடுத்து, கீது கீது கீது என்று திரும்பத் திரும்ப வருகிற மாதிரி ஒட்டி, பின்னால் ஒரு டமுக்கு டப்பா மேளத்தைப் போட்டு, 'எங்க அம்மா நடத்துற தமிழ் கிளாஸ்' என்று தலைப்பும் வைத்து, கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாக வைத்து ஊருக்கெல்லாம் விட்டுவிட்டாய். அட கிராதகா! எடுத்துப்போடு என்று நான் போனில் கத்தினபோது நீ சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. 'ஜாலிக்குத்தாம்மா போட்டேன், எல்லாரும் க்யூட்டுன்னு சொல்றாங்க, அந்தப் பொண்ணு ஃபேமஸ் ஆயிட்டா, நீ சந்தோஷப்படணும்.' ஃபேமஸ்! ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் புதிதாக அடுக்குமாடி வந்திருக்கிறதே, அங்கிருந்து தனியார் பள்ளிக்கு வேனில் போகிற பிள்ளைகள், இவள் நடந்து வருவதைப் பார்த்தால் ஜன்னலில் தலையை நீட்டி 'கீது கீது' என்று கோரஸ் பாடுகிறார்கள். அந்த அளவுக்கு ஃபேமஸ். இரண்டாம் கிளாஸ் படிக்கிற அவள் தம்பி பைசல், வேனில் ஏறப் போன ஒரு பையனின் கையைக் கடித்துவைத்துவிட்டான். நான் கண்டிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறவள், கண்டித்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்திருக்கலாமே என்று மனசுக்குள் தோன்றியதை உன்னிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

மர்வா பேசுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கு வருகிறாள், எழுதுகிறாள், கணக்குப் போடுகிறாள், வாயை மட்டும் திறப்பதில்லை. காலையில் பெயர் கூப்பிட்டால் எல்லாப் பிள்ளையும் 'உள்ளேன் டீச்சர்' என்று கத்தும், இவள் கையை மட்டும் தூக்குவாள். போட்டி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. சிம்ரன் நன்றாக ஒப்பிப்பாள், அவளை அனுப்பிவிடலாம் டீச்சர், மானம் போகாமல் இருக்கும் என்கிறார் ஞானசேகரன் சார். அவரிடமும் சண்டை போட்டுவிட்டேன், இப்போது இரண்டு பேரும் ஒரே அறையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம், உன் புண்ணியத்தில். புதன்கிழமை அமீருதீன் கடையை விட்டுவிட்டு மனைவியோடு வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, 'உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல டீச்சரம்மா, ஆனா அந்த வீடியோ உங்க ஊட்லருந்துதான போச்சு?' என்றார். அஷ்ரஃபுன்னிசா, 'ஊட்டுலகூட எதுனா கேட்டா தலையத் தலைய ஆட்டறா' என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். போட்டி முடிகிற வரைக்கும் பார்ப்பார்களாம், அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை என்றால் அயனம்பாக்கத்தில் மாமி வீட்டில் விட்டு, யாருக்கும் முகம் தெரியாத பள்ளியில் சேர்த்துவிடுவார்களாம். இத்தனை வருஷ வேலையில் என்னால் ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனது என்று ஒருத்தர் சொன்னதில்லை. நீ சொல்ல வைத்துவிட்டாய்.

உன் அப்பா இருக்கிறாரே, அவர் உனக்கு வக்கீல். 'விடு சாவித்திரி, சின்னப் பையன், விவரம் தெரியாமப் பண்ணிட்டான்' என்கிறார். சின்னப் பையனுக்கு முன்னந்தலை வழுக்கை விழுந்தாயிற்று என்றேன், எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். நீ என்ன ராஜபரம்பரையில் பிறந்து தங்கத் தட்டில் தமிழ் சாப்பிட்டவனா? ஆவடியில் நம் தெருவில் 'இன்னாமா கீது துன்றதுக்கு' என்று கேட்டுக்கொண்டே பையை எறிந்தவன் யார்? காலேஜ் போகிற வரைக்கும் வீட்டுக்கு ஊடு என்றுதானே சொன்னாய்? கிரிக்கெட் மட்டையோடு வாசலில் நின்ற உன் கூட்டாளிகள் எல்லாம் அப்படித்தானே பேசினார்கள், அவர்கள் வீட்டில் சாப்பிட்டுத்தானே வளர்ந்தாய்? அது உன் பேச்சு, ஸ்ரீநாத். உன் வாயில் இருந்ததையே ஒரு குழந்தை வாயிலிருந்து பிடுங்கி அவளையே அடித்திருக்கிறாய். நீ தெரியாதவனாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், இது ஆலோசனை இல்லை. அந்தக் கண்ராவியை உடனே எடு. 'ஷேர் ஆயிடுச்சு, எடுத்து என்ன பிரயோஜனம்' என்று வியாக்கியானம் பேசாதே, மற்றவன் செய்வதை மற்றவன் அம்மா கேட்டுக்கொள்ளட்டும். அப்புறம் அந்தப் பெண் பேசினதை முழுசாக, வெட்டாமல், அவள் அப்பா சம்மதித்தால் மட்டும் போடு. அமீருதீன் நம்பரை பவ்யாவுக்கு அனுப்பியிருக்கிறேன், அவருக்கு நீயே போன் செய், என்னை நடுவில் இழுக்காதே. சார், வெரி சாரி என்று ஆபீஸ் மெயில் மாதிரி பேசாதே, நம் தெருப் பேச்சில் பேசு, மறந்திருந்தால் கேட்டுப் பழகிக்கொண்டு பேசு. வெள்ளிக்கிழமைக்குள் இது நடக்க வேண்டும். போட்டிக்கு அவள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன், மாற்ற மாட்டேன், மேடையில் நின்று வாய் திறக்காமல் இறங்கினாலும் அவள்தான் ஏறுவாள்.

நேற்று முன்தினம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மத்தியானம் சத்துணவுத் தட்டைக் கழுவிவிட்டு எல்லாரும் விளையாடப் போனார்கள், மர்வா மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். என் பிள்ளைக்குக் கடிதம் எழுதப்போகிறேன், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா, திட்ட வேண்டும் என்றாலும் திட்டு, அப்படியே எழுதுகிறேன் என்றேன். ரொம்ப நேரம் தரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். 'டீச்சர், உங்க பையன் அந்த ஊர்ல இங்கிலீஷ் பேச சொல்ல, அங்க கீற' என்று சொல்லி, டக்கென்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'அங்க இருக்கிறவங்க யாரும் சிரிக்க மாட்டாங்களா?' என்று கேட்டாள். அந்தச் சொல்லை அவள் திருத்தினாள் பார், அப்படித் திருத்த நான் எந்தப் பாடத்திலும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ போட்டாயே தலைப்பு, தமிழ் கிளாஸ் என்று, அந்த கிளாஸை நடத்தினது நீ.

அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியும். நீ அங்கே போன முதல் குளிர்காலத்தில், மீட்டிங்கில் 'டெவலப்மெண்ட்' என்று நீ சொன்ன மாதிரியே ஒருத்தன் சொல்லிக் காட்டி, எல்லாரும் சிரித்து, நீ ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்து அழுதாய். இனிமேல் வாயே திறக்க மாட்டேன்ம்மா என்றாய். அதை உன் அப்பாவிடம்கூட இன்றுவரை நான் சொன்னதில்லை. மர்வாவிடமும் சொல்லவில்லை. தெரியாதும்மா, கேட்டு எழுதச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள், குளிரில் காதை மூடிக்கொண்டு போங்கள், ஊறுகாயில் ஈரக் கரண்டியை வைக்க வேண்டாம் என்று பவ்யாவிடம் சொல். அந்தக் குழந்தை கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது, அதற்குப் பதிலை நீயே அவளிடம் சொல்.

இப்படிக்கு,
நீ எந்தப் பேச்சில் பேசினாலும் சிரிக்காமல் கேட்ட உன் அம்மா,
சாவித்திரி