எலிகளுக்கு அடுத்து அப்பா

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், பொய் எழுதக் கை வரல. நீயாவது நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இரு. உன் தம்பி பரீட்சை சுமாரா எழுதியிருக்கானாம், அவன் சுமார்னா என்னன்னு நமக்குத் தெரியாதா. நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துல புது மெஷின் வந்திருக்கு, அதை ஓட்டத் தெரிஞ்சவ நான் ஒருத்திதானாம், அதனால எனக்கு லீவு கிடையாதாம், நல்ல மரியாதை. அதெல்லாம் கிடக்கட்டும், உங்கப்பா பண்ணின கூத்தைக் கேளு.

மனுஷன் மூணு மாசமா மூட்டுவாத மாத்திரையைத் தொடல. வாரத்துக்கு ஒரு தடவை போடுறது, போட்டாச்சான்னு கேட்டா போட்டாச்சும்பார், நானும் நம்பினேன், என் புத்தியைச் சொல்லணும். போன வாரம் சட்டைப் பட்டனோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னார். பிடிச்சு உட்கார வெச்சு ரத்தம் எடுத்து மெஷின்ல விட்டா, முன்ன எட்டு இருந்த வீக்கக் கணக்கு இப்ப அறுபத்தி நாலு. மெஷின் தப்பாக்கும்னு மறுபடி ஓட்டினேன், அறுபத்தி அஞ்சு. அப்புறம்தான் அவரோட டூல்ஸ் பெட்டியைக் குடைஞ்சேன், ஸ்பானருக்கு அடியில மாத்திரை அட்டை எல்லாம் பிரிக்காம அப்படியே கிடக்கு. கேட்டா அசடு வழியறார். நீ எப்பவோ போன்ல, வேற மருந்து சாப்பிடுறவங்களை எங்க புது மருந்துச் சோதனைக்குச் சேர்க்க மாட்டாங்கன்னு சொன்னியாம், அதனால உடம்பைச் சுத்தமா வெச்சிருக்காராம். எலிக்கு அடுத்தபடி முதல் ஆள் இவர்தானாம்! லிஃப்ட்ல ஒரு நட்டு தளர்ந்தா கட்டடத்தையே நிறுத்தி வைக்கிற மெக்கானிக், சொந்த உடம்புல பண்ற வேலை இது.

உன்னையும் சும்மா விடுறதா இல்ல. உன் ஆராய்ச்சிக் கட்டுரையை நானும் அகராதி வெச்சுக்கிட்டுப் படிச்சேன். மூளையில சுரக்கிற குட்டிப் புரதத் துண்டு, சொந்த மூட்டையே கடிக்கிற எதிர்ப்புச் சக்தியை அடக்கி வீக்கத்தைக் குறைக்குது, சரி, எலிக்குக் குறைஞ்சிருக்கு, எலி நல்லா இருக்கட்டும். ரத்தத்துல விட்டா சில நிமிஷத்துல அது சிதைஞ்சு போகுதுன்னும் நீயே எழுதியிருக்க, ஆனா அது எட்டாவது பக்கத்துல, அங்க வரைக்கும் யார் படிக்கிறா. கடைசியில பெரிய நம்பிக்கை தருகிறதுன்னு ஒரு வரி போட்ட பாரு, அதைத் தம்பியை விட்டுப் படிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணிட்டார். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கெல்லாம் வெளியில நின்னு அதைத்தான் சொல்றாராம், பாவம், அவங்க எங்க ஓடுவாங்க.

சிரிக்காதே. டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துட்டு, ரெண்டு விரல்ல எலும்பு அரிக்க ஆரம்பிச்சிடுச்சு, அரிச்சது திரும்ப வராது, மீதி விரலையாவது காப்பாத்துங்கன்னுட்டார். நான் சொன்னா, நீ மெஷின் ஓட்டுறவ, அவ கண்டுபிடிக்கிறவங்கறார். அதனால நீதான் எழுதணும். போன் வேண்டாம், அவர் குரலைக் கேட்டா நீ குழைஞ்சுடுவ. இன்னும் கொஞ்ச காலம் ஆகும்ப்பான்னு இழுக்காதே, அந்தக் கொஞ்ச காலத்தைப் பிடிச்சுக்கிட்டே தொங்குவார். என் மருந்து உங்க கைக்கு வந்து சேராதுப்பான்னு பளிச்சுனு எழுது. அப்பா கைக்காகத்தான் இந்தப் படிப்புன்னு சொல்லிட்டுப் போனவ நீ, உன் கையாலயே இதை எழுதறது எவ்வளவு கஷ்டம்னு பெத்தவளுக்குத் தெரியாதா. ஆனா எனக்குப் பயமா இருக்கும்மா.

மகராசியா இரு. உன் வேலையும் ஜெயிக்கட்டும், அது யாரோ ஒருத்தரோட அப்பாவுக்கு உதவட்டும். இந்த வாரமே எழுதிப் போடு, மறந்துடாதே. இன்னைக்குக் காலையில மாத்திரையை அவர் உள்ளங்கையில வெச்சேன். விரலை மடக்கிப் பிடிக்க முடியாம கீழ விட்டுட்டார். நான்தான் குனிஞ்சு எடுத்தேன். அவ சொல்லட்டும், போட்டுக்கறேன்னு சொல்லிட்டு வேலைக்குக் கிளம்பிட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா