மூன்று சுவர்க் குடில்

ஜூன் 4

சின்னவளே,

காகிதத்தின் ஓரம் பழுப்பேறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. இந்த சானடோரியத்தில் காசநோயாளிகள் எழுதும் எதையும் சூட்டுப் பெட்டியில் வைத்து எடுத்துத்தான் வெளியே விடுகிறார்கள். எனக்குக் கிடைப்பதைவிட என் கடிதத்துக்கு நல்ல வைத்தியம்.

என் மூன்று மாதத் தவணை இருபதாம் தேதி முடிகிறது. "வீட்டுக்கு ஒரு கட்டில்தாம்மா, அடுத்தவங்க காத்திருக்காங்க" என்கிறார் டாக்டர். ஆனால் நகராட்சி இரவல் தரும் மரக்குடில் நம் மொட்டைமாடியில் நின்றால்தான் அனுப்புவார்களாம். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் காற்று. நான் அதில்தான் தனியாகப் படுக்க வேண்டும். வந்துவிட்டதா? என் குட்டி என்னைத் தேடுகிறாளா?

அக்கா

ஜூன் 11

அக்கா,

குடில் தயாராகவில்லை. பலகை வந்தது, கீல் வரவில்லை. கீல் வந்தபோது தச்சர் வரவில்லை. நகராட்சியில் கேட்டால் "எழுதிப் போட்டிருக்கோம்" என்று ஒரே பாட்டு. அதுவரை உன்னை அங்கேயே வைத்திருக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். எடை ஏறட்டுமே.

குட்டி கீழ்வீட்டுத் தையற்கார அம்மாவிடம் தூங்குகிறாள். "சித்தி, அம்மா குண்டானதும் வந்துருவாங்களா?" என்று தினமும் விசாரணை.

சின்னவள்

ஜூலை 2

சின்னவளே,

ஒரு கீலுக்கு இத்தனை நாளா? பக்கத்துக் கட்டில்காரி வீட்டில் குடிலை ஒரே காலையில் நிறுத்திவிட்டார்கள். என் பிள்ளையையும் தையற்கார அம்மா தலையில் கட்டிவிட்டாய். நான் பாரமென்றால் நேரே சொல். பயமென்றால் அதையும் சொல். பயப்படாதவர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. படுத்துப் படுத்தே களைத்துவிட்டேன்.

அக்கா

ஜூலை 9

அக்கா,

இவ்வளவு காரமாகத் திட்ட முடிகிறதென்றால் நுரையீரல் தேறிவிட்டது. மாடியில் விடிகாலைச் சாரல் இடப்பக்கமாக அடிக்கிறது, தலைமாட்டை மாற்ற வேண்டும். இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள். எதுவும் கேட்காதே.

சின்னவள்

ஜூலை 13

என் சின்னவளே,

உன் கடிதம் ஓரம் பழுப்பேறி வந்தது.

ஜூனில் எழுதியதை நீயே தபாலில் போட்டிருப்பாய். இதை மாடியிறங்க முடியாமல், வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்க வரும் நர்ஸிடம் கொடுத்திருக்கிறாய். அவர் தன் நோயாளிகளின் கடிதத்தைத்தான் சூட்டில் வைத்து அனுப்புவார். குடிலில் படுத்திருப்பது நீதான். கட்டில் எனக்கு நிலைக்கட்டுமென்று கீலையும் தச்சரையும் குற்றம் சொல்லியிருக்கிறாய். குட்டியைக் கீழே அனுப்பியதும் உன் நோய் அவளுக்கு ஒட்டாமலிருக்கத்தான். நான் என்னவெல்லாம் எழுதிவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டுப் போங்களேன்" என்றார். "எனக்கு ஏற வேண்டிய எடை ஏறிடுச்சு டாக்டர், அவளுக்கு ஏறணுமே" என்றேன். வீட்டுக்கு ஒரு கட்டில் என்பதுதான் விதி. ஆள் மாறினால் தப்பில்லையாம்.

வியாழக்கிழமை வண்டியில் நான் வருகிறேன். அதே வண்டியில் நீ இங்கே வருகிறாய். நம் வீட்டு வாசலில் பத்து நிமிடம் நிற்கும். கிட்டே வராதே. நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்வோம்.

உன்னுடையது ஜன்னலோரக் கட்டில். ஜன்னல் கதவு ஓயாமல் ஆடி உயிரை வாங்கும் என்பதால் இடுக்கில் காகிதம் மடித்துச் செருகியிருக்கிறேன். உன் ஜூன் மாதக் கடிதம்தான். அத்தனையும் பொய், ஆனால் இறுக்கமாக நிற்கிறது. எடுத்துவிடாதே.

அக்கா