சீட்டில்லாத பை

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

முதுகுவலி தேவலையா? நெட்டையன் நேற்று போனில் பேசினான். புதுத் தளபதி கொடுத்த பிரார்த்தனைச் சீட்டை எல்லாரும் பாராசூட் பைக்குள் வைத்து மடிக்கிறார்களாம், நீ மட்டும் முடியாது என்றாயாம். "மாமா மடிச்ச பைன்னா பசங்க தொடவே பயப்படுறாங்கம்மா" என்கிறான். அதை மாட்டிக் குதிக்கிறவன் என் பிள்ளை. விரல் அகலக் காகிதம், வைத்தால் குறைந்தா போய்விடுவாய்?

அக்கா

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

வலி தேவலை. நானும் காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். ஆனால் மடிப்பு மேசையில் கத்தரிக்கோல், கொக்கி, நூல் எல்லாவற்றையும் எண்ணி வெளியே வைத்த பிறகே பையை மூடுவோம். உள்ளே துணியும் கயிறும்தான் இருக்கலாம். நாங்கள் மடித்ததில் ஏதாவது ஒன்றை மாதாமாதம் அதிகாரி எடுத்து நீட்டுவார். அதை மாட்டி நாங்களே குதிக்க வேண்டும்.

காலைப் பிரார்த்தனை விருப்பப்பட்டவர்களுக்கு என்றார்கள். வராதவனுக்கு விடுமுறை நாளில் காவல் பணி விழுகிறது. மடிப்பு அறையில் இருவர் வேறு மதம். அவர்களும் வாய் திறக்காமல் சீட்டு வைக்கிறார்கள்.

"ஆண்டவன் பேரு உள்ளே இருந்தா பாராசூட் விரியாதா?" என்று தளபதி கேட்டார்.

"பேரு விரிக்காது சார், மடிப்புதான் விரிக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

பைகளை எடுத்துக் கொடுக்கும் கிடங்குக்கு உன்னை மாற்றிவிட்டார்களாமே. பட்டும் உனக்குப் புத்தி வரவில்லை. வியாழக்கிழமை நெட்டையன் குதிக்கிறான். வேறொருவர் மடித்த பையாகக் கேட்டிருக்கிறான், எனக்கும் அதுதான் நிம்மதி. உன்னால் அவன் கெட்ட பேர் வாங்க வேண்டாம். கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வராதே.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

நெட்டையன் நல்லபடியாக இறங்கினான். அவன் பையை மடித்தவன் கெட்டிக்காரன், என் பக்கத்து மேசைக்காரன்.

தளபதியும் அன்று குதித்தார். அதற்கு முன் கிடங்குக்குத் தனியாக வந்து கதவைச் சாத்தினார். "நீ மடிச்சது மிச்சம் இருக்கா?" என்றார். இரண்டு இருந்தன. மடித்தவர் கையெழுத்துப் போட்டுப் பைக்கு வெளியே கட்டும் அட்டையில் என் பேரைப் பார்த்து ஒன்றை மாட்டிக்கொண்டார். பிறகு வெளியே போய்ப் பையன்களோடு நின்று சத்தமாகப் பிரார்த்தனை சொன்னார்.

நேரில் வர வேண்டாம் என்றாய். அதனால் எழுதுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நெட்டையன் அடுத்த மாதமும் குதிக்கிறான். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் அந்த ஒன்றை யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.

அக்கா