கம்ப்யூட்டரை மூடச் சொன்ன மகனுக்கு

கோவில்பட்டி
21.8.2008

அன்புள்ள மகன் அருண்பாண்டியனுக்கு உன் அம்மா பத்திரகாளி எழுதுவது. இங்கே நானும் உன் பெண்டாட்டி ஜெயப்பிரியாவும் பாப்பாவும் கழுகுமலை முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் மஸ்கட்டில் சுகமாகத்தான் இருப்பாய், போன வெள்ளிக்கிழமை போனில் நீ போட்ட சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது, உடம்பில் தெம்பு இல்லாதவன் அப்படிக் கத்த முடியாது. அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன், முழுதாகப் படி. இங்கே இன்னும் மழை இல்லை, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மேய்ச்சலுக்குப் புல் இல்லாததால் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கேட்டு இடைசெவல் பக்கத்து ஆட்கள் கூட நம் கடைக்கு வருகிறார்கள். உன் அப்பா போன பிறகு இந்தக் கடை ஒரு வருசம் தாங்காது என்று சொன்னவர் யார் தெரியுமா, இப்போது உனக்குப் போன் போட்ட அதே சித்தப்பா கண்ணுசாமிதான். அவர் சொன்னது எதுவும் இதுவரை நடந்ததில்லை. ஆனால் நீ மட்டும் அவர் வாயைத் திறந்தால் உடனே நம்பிவிடுகிறாய்.

ஜெயப்பிரியா என்ன வேலை செய்கிறாள் என்று உனக்கு ஒழுங்காகத் தெரியுமா, தெரியாது, நீ கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை அவள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, இருந்த இடத்திலிருந்தே இன்னொரு ஊர்க்காரருக்குக் காரியதரிசியாக இருக்கலாம் என்று கம்ப்யூட்டரில் பார்த்து, எத்தனையோ பேருக்கு எழுதிப் போட்டாள். பதிலே வராமல் இருந்தது, அப்போதும் விடவில்லை. கடைசியில் பெர்த் என்கிற ஊரில் நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கும் ஹெலன் டாக்டரம்மா ஒரு மாதம் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாள். பெர்த் என்றதும் நான் ரயிலில் படுக்கிற பெர்த் என்று நினைத்துவிட்டேன், ஆஸ்திரேலியாவில் இருக்கிறதாம். எந்த நாய் எந்த மணிக்கு வரவேண்டும், எந்தப் பூனைக்கு ஊசி பாக்கி என்று இவள் இங்கேயிருந்து அவற்றை வளர்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாய்க்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுப்பார்களா என்று எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அவள் செய்கிற சுத்தத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. விடிந்ததும் குளித்து, தலைவாரி, பேசவும் கேட்கவும் காதில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். கரண்ட் எப்போது போகும் என்று விசாரித்து முன்கூட்டியே டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிடுவாள், அவசரத்துக்கு நம் வீட்டுப் போன் நம்பரையும் கொடுத்து வைத்திருக்கிறாள். யாருடைய நாய்க்கு என்ன நோய் என்று வாய்க்கு ருசியாக ஒரு நாள் கேட்டேன். "அத்தை, அது அவிய ஆஸ்பத்திரி விசயம், வெளிய சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். நாயின் விஷயத்தைக் கூட வெளியே விடாத பிள்ளையைப் பற்றித்தான் உன் சித்தப்பா ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிகிறார்.

அவர் கேட்ட சிரிப்பு என்ன சிரிப்பு என்று சொல்கிறேன், கேள். டாக்டரம்மா சொல்லி இவளிடம் வந்த இன்னொருவர் டேவ், அதே ஊரில் வீட்டுக் கூரைகளைச் செப்பனிடுகிறவர், பேரப்பிள்ளை எடுத்தவர். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஒரு வீட்டுக் கூரைமேல் இருக்கும்போது, அந்த வீட்டுக்காரர் மரக்கிளை வெட்டவென்று ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாராம். மனுசர் மேலே நின்று கத்திப் பார்த்து, யாருக்கும் கேட்காமல், கோவில்பட்டிக்குப் போன் போட்டார். அவருக்கு வேலை குறித்துக் கொடுப்பது இவள்தான், வீட்டுக்காரர் நம்பரும் இவளிடம்தானே இருக்கிறது. இவள் அந்த வீட்டுக்குப் பேசி, ஏணியைத் திரும்ப வைக்கச் சொல்லி, அவர் தரைக்கு வந்து சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலைக் கீழே வைத்ததும் அவர் என்னவோ சொல்ல, இவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு வந்து சொன்னதும் நானும் சிரித்துச் சிரித்துத் தாளிசத்தைக் கருக விட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் உன் சித்தப்பா கொம்பையா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் நின்றார். உள்ளே வந்து என்ன சமாச்சாரம் என்று கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார். கேட்கவில்லை, பத்திரிகையைக் கொடுத்துவிட்டு நேராகப் போய் "ஒம் பொண்டாட்டி விடியக்காலையில வெள்ளக்காரன்கிட்ட சிரிச்சிப் பேசுதா" என்று உனக்கு ஓதினார். நீயும் உடனே பெண்டாட்டியைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை மூடு, இல்லாவிட்டால் எட்டயபுரத்துக்கு உங்கள் அப்பா வீட்டுக்குப் போ, என் மானம் போகிறது என்றாய். உன் மானம் கண்ணுசாமி வாயிலா இருக்கிறது? அதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைக்கவில்லையா?

அது கிடக்கட்டும், நீ அங்கே என்ன கிழிக்கிறாய் என்று நான் கேட்கிறேன். போன லீவில் வந்தபோது நீயே சொன்னாய், உன் முதலாளிக்கு யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஞாபகப்படுத்துகிறாய், அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்குகிறாய், அவர் வீட்டம்மாவின் மூக்குக்கண்ணாடியை ரிப்பேருக்குக் கொண்டுபோகிறாய். அந்த அம்மா பேசினால் நீ சிரிக்காமல் உர்ரென்றா நிற்பாய்? கடல் தாண்டிப் போய் நீ செய்கிற வேலையை அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்கிறாள். நீ செய்தால் உத்தியோகம், அவள் செய்தால் மானக்கேடு. இதை உனக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், நான் அனுப்பிய பள்ளிக்கூடத்தில் இல்லை.

அவள் உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். டாக்டரம்மாவுக்கும் டேவுக்கும் நின்றுகொள்கிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் மேல் பழைய போர்வையை மூடினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் சத்தமே இல்லை, பாப்பா கூட மெதுவாகப் பேசியது. திங்கட்கிழமை அவள் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருக்கும்போது போன் அடித்தது. எடுத்தால் இங்கிலீஷ். ஹெலன் என்பதும் ஜெயா என்பதும் மட்டும் விளங்கியது. அந்த அம்மா குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கடை பூட்டிக் கிடந்தால் வாடிக்கைக்காரன் எத்தனை நாள் காத்திருப்பான், அடுத்த கடைக்குப் போய்விடுவான், போனவன் திரும்ப மாட்டான், அது எனக்குத் தெரியும். எட்டாவது வரை படித்த இங்கிலீஷையெல்லாம் கூட்டி, "ஜெயா வெரி குட். ஜெயா டுமாரோ கம். மை சன் மேட்" என்றேன். ஆமாம், உன்னைத்தான் சொன்னேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வராமல், "எம் மவன் கிறுக்குப்பய, அவன் பேச்ச மனசுல வச்சிக்கிடாதீங்க தாயி, பிள்ள நாளைக்கு வந்துருவா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு "ஓகே மதர்" என்றாள்.

ஜெயப்பிரியா வந்ததும் சொன்னேன். உனக்குப் பயந்துபோய், "அவிய வேண்டாம்னு சொல்லிட்டாவளே அத்தை" என்றாள். "ஏட்டி, இந்த வீட்டுக்கு வரி எம் பேர்ல வருது, கண்ணுசாமி பேர்லயும் வரல, அவன் பேர்லயும் வரல, நீ போர்வைய எடு" என்றேன். நின்று யோசித்துவிட்டு அவளே எடுத்தாள். மறுநாள் விடியும் முன்னாலேயே தலைவாரி உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று கொம்பையா வீட்டுக் கல்யாணத்தில் உன் சித்தப்பா எனக்கு எதிர்ப்பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மதினி, மருமவ கடைய மூடியாச்சா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். "மூடல. அன்னைக்கி அவ எதுக்குச் சிரிச்சான்னு நீங்க கேக்காமப் போயிட்டீங்க, இப்பச் சொல்லுதேன், எல்லாரும் கேக்கட்டும்" என்று கூரைக் கதையை முழுக்கச் சொன்னேன். ரெண்டு பந்தியும் சிரித்தது, சாம்பார் வாளியோடு வந்த கொம்பையா அப்படியே நின்றுவிட்டார். உன் சித்தப்பா பாயாசத்துக்குக் கூட இருக்காமல் எழுந்து போனார். கை கழுவுகிற இடத்தில் நம் தெரு சுப்புத்தாய் என்னைப் பிடித்துக்கொண்டு, தன் மருமகள் இசக்கிச்செல்வியும் படித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள், இந்த வேலையை அவளுக்கும் பழக்கிவிடக் கூடாதா என்று கேட்டாள். ஜெயப்பிரியாவிடம் சொன்னேன், வேலை கொடுக்க மூன்றாவதாக ஒருவர் வரப்போகிறார், எனக்கும் துணை வேண்டும், வரச் சொல்லுங்கள் என்றாள்.

இவ்வளவும் உனக்கு எழுதட்டுமா, இல்லை நீயே சொல்லிக்கொள்கிறாயா என்று இன்று காலையில் அவளைக் கேட்டேன். அவள் அழவும் இல்லை, உன்னைக் குறை சொல்லவும் இல்லை. "எழுதுங்க அத்தை. இதுவரைக்கும் அவியகிட்ட கேட்டுக் கேட்டுச் செஞ்சேன். இனிமே செஞ்சிட்டுச் சொல்லுதேன்" என்றாள். சரியென்று சொல்லிவிட்டேன்.

வெயிலில் வெறும் தலையோடு அலையாதே, மோர் நிறையக் குடி. நீ நூறு வயசு இரு, அதில் பாதியாவது புத்தியோடு இரு. இந்தக் கடிதம் கிடைத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் போடு, என்னைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிடு. என்ன பேச வேண்டும் என்று நான் எழுத மாட்டேன், அது கூடத் தெரியாவிட்டால் நீ பேசவே வேண்டாம்.

உன் அம்மா
பத்திரகாளி