வாய் திறந்த காலை

லியோன், வியாழன்

என் மகளுக்கு,

அப்பாவுக்காக ஒரு சாம்பல்நிறப் பூனை வாங்கியிருக்கிறேன். சார்த்ரூ ஜாதி. பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து அவருக்குச் சத்தம் கேட்டாலே ஆவதில்லை.

"கத்துமா?" என்று பூனை வளர்த்து விற்கும் ஒடிலிடம் கேட்டேன். "வாயைத் திறக்கும் மதாம், சத்தம்தான் வராது. வெளியே மட்டும் விட்டுடாதீங்க" என்றாள்.

அப்பா தினமும் இடக்கையால் அதற்கு முடி வாரிவிடுகிறார். நீ கிளம்பிப் போன நாளைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

நேற்றுக் காலை பால்கனிக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். நாலாவது மாடி. பூனை கம்பிமேல் ஏறிவிட்டது. நான் உறைந்து நின்றேன், அவர் கத்தினார். எட்டு மாதத்தில் முதல் வார்த்தை! பூனை மிரண்டு உள்ளே குதித்தது.

அவர் கத்தியது பூனையின் பேரை அல்ல, உன் பேரை.

ஞாயிறு மதியம் முழுக்கோழி சுடட்டுமா? எங்கள் இருவருக்கும் அது அதிகம்.

அம்மா