மஸ்கட்டில் இருக்கிற அக்கா

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்று முழுக்க நான் மஸ்கட்டில் இருந்தேன். தம்பி விஜயசங்கருக்குப் பெண் கொடுக்கிற வடகரைக்காரர்கள் வீடு பார்க்க வந்தார்கள். மூத்தவள் கல்யாணசுந்தரி மஸ்கட்டில் நர்ஸ், லீவு கிடைக்கவில்லை என்று அவர்களிடம் அம்மா சொல்லியிருக்கிறாள். உண்மையில் ஆவுடையம்மாள் சித்தியைக் காவலுக்குப் போட்டு, காலையிலேயே என்னை ஐந்தருவிக்கு அனுப்பிவிட்டாள். சீசன் கூட்டம். குற்றாலத்திலேயே பிறந்து வளர்ந்த நான், வெளியூர்க்காரர்களோடு வரிசையில் நின்று, ஈரத் துணியோடு சாயங்காலம் வரை பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.

முப்பத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு சுற்றுலா.

ஜூன் 10

கல்யாணத்தன்றும் மஸ்கட்தானா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு நாள்தானட்டி, பொறுத்துக்க. அவனுக்கும் ஒரு வாழ்க்க அமையணும்லா?"

மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் கூடப் பிறந்தவள் போட வேண்டும். அதற்குச் சித்தி மகளை ஏற்பாடு செய்து பட்டும் எடுத்தாயிற்றாம். விஜயசங்கர் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். ஒரு வார்த்தை பேசினானா?

ஜூன் 15

பதினொரு வருடத்துக்கு முன்னால், தூக்கமே இல்லாமல் ஒன்பது நாள் நான் பேசிக்கொண்டே இருந்தபோது இவர்கள் டாக்டரிடம் போகவில்லை. தலையில் நல்லெண்ணெயைக் கொட்டி மெயின் அருவிக்குக் கீழே நிறுத்தினார்கள். தண்ணீர் விழுந்தால் தெளியுமாம். நாற்பத்தொரு நாள்! தெளியவில்லை, சளிதான் பிடித்தது. திருநெல்வேலி டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் நான் மனுஷியானேன். அந்த மாத்திரையைத்தான் அம்மா அரிசி டின்னுக்குள் ஒளித்துவைக்கிறாள்.

மனநோய். எழுதிப் பார்த்தேன். கை ஒன்றும் வெந்துபோகவில்லை.

ஜூன் 21

எல்லார் மேலும் எரிச்சல். எழுத வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நான் வேலை பார்ப்பது தென்காசியில், ஒரு மெடிக்கல் ஷாப்பில். செங்கோட்டைக்காரர்கள் மனநோய் மாத்திரையைச் செங்கோட்டையில் வாங்க மாட்டார்கள், எங்களிடம் வருவார்கள். தென்காசிக்காரர்கள் புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போய் வாங்குவார்கள். இதற்காகவே பஸ் விட்டது மாதிரி ஒரு போக்குவரத்து.

இன்று மத்தியானம் ஒருவர் கூட்டம் குறைகிறவரை தள்ளி நின்றுவிட்டு வந்து சீட்டை நீட்டினார். "கறுப்புக் கவர்ல போட்டுக் குடும்மா." சீட்டில் லோகநாயகி, வயது 27, வடகரை என்று இருந்தது. நான் தினமும் போடுகிற அதே மாத்திரை. நிமிர்ந்து பார்த்தேன். வீட்டில் காட்டிய ஃபோட்டோவில் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற அதே பெரிய மீசை. பால்வண்ணநாதன், தம்பிக்கு மாமனாராகப் போகிறவர். என்னை ஒளித்துவைக்காமல் இருந்திருந்தால் மனுஷன் இந்தக் கடைப்படியே ஏறியிருக்க மாட்டார்.

முதலில் வந்தது சந்தோஷம். கேடுகெட்ட சந்தோஷம். அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டால் போதும், எல்லாம் அங்கனயே நிற்கும். ஆனால் சீட்டில் இருந்த அந்தப் பெயரை மறுபடி பார்த்தேன். அவள் எனக்கு என்ன செய்தாள்?

மாத்திரையை எடுத்துவைத்துவிட்டு, "நான் விஜயசங்கரோட அக்கா" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா மஸ்கட்டுலல்லா..."

"இங்கனதான் இருக்கேன். நானும் இதத்தான் போடுதேன். அதான் மறச்சி வச்சிருக்காவ."

கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "பிள்ள பேங்க்ல வேல பாக்கா, ஒரு கொறையும் கிடையாது. வெளிய சொல்லிராத தாயி."

"கடைக்கு வந்த சீட்ட நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லாம கட்டிக் குடுத்தீயன்னா அவளும் காலம்பூரா ஒளிச்சி வச்சித்தான் முழுங்கணும். அவளையே அவன்ட்ட சொல்லச் சொல்லுங்க."

கவரை மடியில் சொருகிக்கொண்டு, மீதிச் சில்லறையை வாங்காமலே போய்விட்டார்.

ஜூன் 29

ஐந்து நாளாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அம்மா கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டினாள். பெரியப்பாவின் மருமகன் பெயர்கூட இருக்கிறது, என் பெயர் இல்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். லோகநாயகிக்காக. அம்மாவுக்காக இல்லவே இல்லை.

ஜூலை 3, வியாழன்

விஜயசங்கர் கடைக்கு வந்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"லோகநாயகி எல்லாத்தையும் சொல்லிட்டாக்கா. ஏமாத்தப் பாத்திருக்காங்க."

"நீ உன் அக்காளப் பத்தி அவகிட்ட என்னலே சொன்ன?"

காலை மாற்றி மாற்றி நின்றான். பிறகு கேட்டான்: "இந்த மாத்திரையப் போட்டா, ஒரு ஆளு எல்லாரையும் மாதிரி இருக்க முடியுமாக்கா?"

என்னிடம் கேட்கிறான். என்னிடம்! பதினொரு வருடமாக நான் சுட்ட தோசையைத் தின்றுவிட்டு. எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ.

"கண்ணு அவிஞ்சா போச்சு? எதுக்க நிக்கேம்லே, பாரு! மனநோய்க்கு மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் உன்னக் காலேஜுக்கு அனுப்புனேன். போட்டுக்கிட்டுத்தான் இங்கன வேல பாக்கேன்."

கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் அழுதான். நான் அழவில்லை, அடுத்த ஆளிடம் சீட்டை வாங்கினேன்.

ஜூலை 6

அவளைத்தான் கட்டுவேன், அக்காவும் வருவாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். "மண்டபத்துக்கு வரட்டும், மேடைக்கு வேண்டாம்" என்கிறாள் அம்மா. பெரிய சலுகை.

செப்டம்பர் 4, வியாழன்

முதல் முடிச்சைப் போட்ட விஜயசங்கர் கயிற்றை விடவில்லை. சித்தி மகள் கையை நீட்டியபடியே நின்றாள். "எக்கா, நீ வா" என்றான். கெட்டிமேளத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து போனேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

இரண்டாவது முடிச்சு சரியாக விழுந்தது. மூன்றாவதில் கயிறு நழுவியது, திரும்பப் போட்டேன். குனிந்திருந்த லோகநாயகி மெதுவாகக் கேட்டாள். "கை நடுங்குதா மைனி?"

"மாத்திரை. போட்டா இப்படித்தான் நடுங்கும், பயமில்ல."

மருதாணி போட்ட தன் விரல்களை மடியில் லேசாக விரித்துக் காட்டினாள். அவையும் நடுங்கிக்கொண்டிருந்தன.