வேரழுகும் விதைக்கு உன் பெயர்

இன்று காலை பட்டாணி நாற்றுகளைப் பிடுங்கி வேரைக் கழுவும்போது அந்த வாடை வந்தது. ஈரச் சாக்கும் சாக்கடையும் கலந்தது போன்ற வாடை. கிள்ளானில் நம் விதைக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ வருடம் நாம் இருவரும் சேர்ந்து முகர்ந்ததுதான். இப்போது நான் மட்டும்.

சென்ற மாதம் கேமரன் மலையிலிருந்து ஒரு விவசாயி பை நிறைய இதே வாடையைக் கொண்டுவந்தார். ஒரு வேரைக் கிள்ளினேன். கறுத்த தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல்தான் மிஞ்சியது. அவர் விதைப் பாக்கெட்டை மேசைமேல் வீசினார்.

"வேரழுகல் தாங்கும்னு போட்டிருக்கு அக்கா. தோட்டமே படுத்துருச்சு. யாரு இந்தப் பொம்பள? விஞ்ஞானின்னு இவ பேரப் போட்டிருக்கறத நம்பித்தானே வாங்கினேன்?"

பாக்கெட்டில் இருந்தது உன் பெயர்.

இந்த ரகத்தை நீ ஒப்புக்கொள்ளவே இல்லையே! மலையிலிருந்து வந்த நோய்ச்செடிகளின் வேரிலிருந்து பூஞ்சையைப் புதிதாகப் பிரித்து, நாற்றுகளுக்குக் கொடுத்துச் சோதித்தாய். குளிர் அறையில் அத்தனையும் மஞ்சளாகிச் சாய்ந்தன. மேலாளர் முகம் சுளித்தார்.

"அவ்ளோ மோசமான பூஞ்சைய வெச்சா எந்தச் செடி பாஸாகும்? ஃப்ரிட்ஜ்ல இருக்கற பழசே போதும் லா."

"அது வருஷக்கணக்கா பாட்டில்லயே வளந்து சோம்பேறியாயிடுச்சு பாஸ். தோட்டத்துல இருக்கறது பசியோட இருக்கு," என்றாய்.

அவர் சோதனையை உன்னிடமிருந்து பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார். அவர் வைத்துச் சோதித்தது வீரியம் செத்த பழைய பூஞ்சை. செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. ரகம் தேறிவிட்டது. அன்று மதியம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் வாழையிலை முன் உட்கார்ந்தும் நீ சோற்றில் கை வைக்கவில்லை. "இவரு ஏசி ரூம்ல இருப்பாரு. விவசாயி முகத்த நாமதான்டி பார்க்கணும்," என்றாய். விதை கடைக்குப் போவதற்குள் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் நினைவுக் கூட்டத்தில் அந்த மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த ரகம் அவங்க கனவு. அவங்க பேரையே வைக்கிறோம்," என்றார். கைதட்டினார்கள். உன் கணவர் அழுதபடி கைகூப்பினார். வாசலில் மேலாளரை மறித்தேன். "செத்தவங்க எழுந்து வந்து மறுக்கமாட்டாங்கன்னு தைரியமா?" என்றேன். "குடும்பமே சந்தோஷமா இருக்கு. நீங்க ஏன் கெடுக்கறீங்க?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அந்த விவசாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க வேணாம்னு சொன்னாங்க அண்ணே. கம்பெனிதான் கேக்கல." அவர் பாக்கெட்டைத் திரும்ப எடுத்து உன் பெயர்மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பாக்கெட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார் உன் கணவர். ஆனாலும் அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பாக்கெட்டைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு, மேலாளருக்குப் போன் போட்டார்.

"என் மனைவி பேர எடுங்க. இல்லேன்னா மலைக்குப் போய்க் கடை கடையா நானே சொல்லுவேன்."

எடுத்துவிட்டார்கள். இப்போது பாக்கெட்டில் வெறும் எண். விதை அதே விதை. "தாங்கும்" என்ற பொய்யும் அப்படியே இருக்கிறது. பெயரை எடுப்பதுதான் அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

அதனால் அந்த விவசாயி கொண்டுவந்த வேரிலிருந்தே பூஞ்சையைப் பிரித்தேன். அதையும் பழைய பூஞ்சையையும் ஒரே விதையில், அடுத்தடுத்த தட்டுகளில் சோதித்தேன். பழைய பூஞ்சைத் தட்டு பச்சை; தோட்டத்துப் பூஞ்சைத் தட்டு பிணம். நாளை இரண்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறேன். அந்த விவசாயி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூட்டிவைக்கிறார். வேலை போய்விடும் என்று மேலாளர் மிரட்டிப் பார்த்தார். போகட்டும்.

கோபத்தோடு இந்த வேலையைத் தொடாதே, கை தப்பும் என்பாய். இதில் மட்டும் நீ சொன்னது சரியில்லை. இந்த மாதம் முழுக்கக் கோபத்தோடுதான் தொட்டேன். கை தப்பி ஒரு தட்டும் கெடவில்லை.